கட்டிலில் படுத்து ஆங்கிலம் கற்பித்த ஆசிரியைக்கு, மூன்று பிழைகளோடு ஒரு மடல்

முப்பத்தோராண்டுக் காலம் முனகி முனகியே மொழி வளர்த்த மூதறிவாளரே! நோயே இல்லாமல் நோயாளியாய் நாள்தோறும் படுத்து, நோயுற்றோர் மொழியை ஆயிரமாயிரம் செவிலியர் செவியில் ஏற்றிய செந்நாச் செல்வியே! கண்டிப்பில் கருங்கல்லாகவும் கனிவில் கட்டிக் கரும்பாகவும் ஒரே பாடவேளையில் உருமாறிய ஒப்பற்ற ஆசானே! எங்கள் செவிலியர் பயிற்சிப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாய் அமர்ந்து (அமர்ந்து என்பதும் பொருந்தாது, பெரும்பாலும் படுத்து) அரும்பணி ஆற்றி, இன்று பணி நிறைவு காணும் அம்மையீர்! தங்களுக்கு எங்கள் வணக்கத்தையும் வாழ்த்தையும், தாங்கள் எல்லோரிடமும் கேட்டு வாங்கும் வேறொன்றையும் இம்மடலில் வைத்து வழங்குகிறோம்.

அந்த வேறொன்று பிழை. பாராட்டு மடலில் பிழைக்கு என்ன வேலை என்று விருந்தினர் வியக்கக்கூடும். தங்களிடம் படித்த ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு தப்பு நோட்டு உண்டு. முந்தின நாள் ஆங்கிலத்தில் பேசியபோது செய்த தப்பில் மூன்றை அதில் எழுதி, மறுநாள் காலை தங்கள் மேசைமேல் வைக்க வேண்டும். "தப்பே பண்ணலைன்னா என்ன அர்த்தம்? நேத்து நீ வாயே தொறக்கலைன்னு அர்த்தம்" என்பது தங்கள் வேதவாக்கு. இரண்டு தப்போடு வந்தவளை, "போம்மா, போயி காவலாளிகிட்ட நாலு வார்த்தை இங்கிலீஷ்ல பேசி இன்னொரு தப்பு பண்ணிட்டு வா" என்று வாசலுக்கு அனுப்புவீர்கள். எங்கள் வாயிற்காவலர் இன்று ஆங்கிலத்தில் வெளுத்துக் கட்டுவதற்கும் அதுவே காரணம். ஆகவே மூன்று தப்பு இல்லாத தாளைத் தாங்கள் தொடமாட்டீர்கள் என்பதை நன்கறிந்த நாங்கள், பணியாளர் அனைவரும் கூடி, தங்களுக்கு நாங்கள் இழைத்த மூன்று பிழைகளை இங்கே எழுதித் தருகிறோம். இடையில் வாசிப்பவர் குரல் சற்றே நடுங்கினால் அவையோர் பொறுத்தருள்க. காரணம் கடைசியில் தெரியும்.

முதற்பிழை, தாங்கள் பணியேற்ற முதல் வாரத்திலேயே நிகழ்ந்தது. ஆங்கில அறையில் மேசை நாற்காலிகளை ஓரங்கட்டிவிட்டு, பயிற்சிக்கூடத்துப் பொம்மை நோயாளியின் பழைய கட்டிலைக் கொண்டுவந்து போட்டு, பச்சைத் திரையும் கட்டி, தாங்களே நோயாளியாய்ப் படுத்துக்கொண்டீர்கள். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து வலிக்கிறது என்று மாணவிகள் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். தாங்கள் முனகலுக்கு நடுவே விடை சொல்ல வேண்டும். இது யாருக்குத் தெரியும்? அன்றைய எழுத்தர், இன்றைய எங்கள் கண்காணிப்பாளர், அந்த முனகலைக் கேட்டுப் பதறிப்போய்ப் பக்கத்து மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். தூக்குப்படுக்கையோடு இருவர் ஓடி வந்தார்கள், உள்ளே புகுந்தார்கள், ஆசிரியை என்றும் பாராமல் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வேறு யாராயிருந்தாலும் கூச்சலிட்டு இறங்கியிருப்பார்கள். தாங்களோ படுத்தவாறே மாணவிகளைப் பார்த்து, "ஓடி வாங்கம்மா, இந்த மாதிரி சந்தர்ப்பம் திரும்பக் கிடைக்காது, கேளுங்க!" என்றீர்கள். தாழ்வாரம் நெடுகிலும் அவர்கள் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே ஓட, தாங்கள் ஆங்கிலத்தில் முனகிக்கொண்டே போக, வாயிற்கதவுவரை வகுப்பு நடந்தது. கண்காணிப்பாளர் இன்றுவரை முனகல் கேட்டால் தொலைபேசியைத் தொடுவதில்லை.

அந்தக் கட்டிலில் தாங்கள் படாத பாடு ஏது! கால் முறிந்தீர்கள், கண் மங்கினீர்கள், பதின்மூன்று முறை பிரசவ வேதனை பட்டீர்கள். காது கேளாத முதியவராய்க் கத்தினீர்கள். மருந்தை மறைத்து வைத்துவிட்டு விழுங்கிவிட்டதாகச் சாதித்தீர்கள். உண்மையிலேயே காய்ச்சல் கண்ட ஒரே ஒரு நாளில் மட்டும் எழுந்து உட்கார்ந்து பாடம் எடுத்தீர்கள். ஏன் என்று கேட்டோம். "படுத்தா தூங்கிடுவேன்" என்றீர்கள். அந்நாளை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. இனி அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து முனகல் வராது என்பதை எண்ணிப் பார்க்கவே மனம் வரவில்லை, அம்மா.

இரண்டாம் பிழை, செயற்கை நுண்ணறிவு இப்பள்ளிக்குள் காலடி வைத்த கதை. சென்ற ஆண்டு எங்கள் கணினி ஆசிரியர் ஆங்கிலம் பேசிப் பழகும் செயலி ஒன்றைக் கொண்டுவந்து, எல்லா மாணவியரின் கைப்பேசியிலும் ஏற்றி வைத்தார். கேட்டதற்குப் பேசும், பேசினதைத் திருத்தும், நூறு முறை கேட்டாலும் சலிக்காது என்றார். நாங்களும் மகிழ்ந்து, தங்களிடம் வந்து, "டீச்சர், இனிமே நீங்க கட்டில்ல படுக்க வேணாம், ஹாயா உக்காருங்க" என்றோம். நல்லது சொல்வதாக நினைத்து நாக்கில் சனி பிடித்தவர்கள் நாங்கள்! தாங்களோ பொம்மை நோயாளியைக் கட்டிலில் கிடத்தி, அதன் தலையணைமேல் கைப்பேசியை வைக்கச் சொல்லிவிட்டு, நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்து கேட்டீர்கள். பொம்மை பேசிற்று. எத்தனை நாளாய் வலி, எந்தப் பக்கம் வலி, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று வரிசை தவறாமல் வழங்கிற்று. தாங்கள் எழுந்து, "இவனுக்கு வலியே இல்லப்பா. பரீட்சைக்குப் படிச்சிட்டு வந்திருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

அதன்பின் நடந்ததுதான் பெருங்கூத்து. ஒரு திங்கட்கிழமை காலை நாற்பத்திரண்டு தப்பு நோட்டுகள் தங்கள் மேசைக்கு வந்தன. நாற்பத்திரண்டிலும் மூன்று தப்புகள். அதே மூன்று தப்புகள், அதே வரிசையில்! மாணவிகள் செயலியோடு மட்டும் பேசியிருக்கிறார்கள். அதுவோ பேசப் பேசத் திருத்திக்கொண்டே வந்துவிட்டது. எழுதத் தப்பில்லாமல் தவித்தவர்கள், "ஆங்கிலம் கற்பவர் செய்யக்கூடிய மூன்று தப்புகள் தருக" என்று அதனிடமே கேட்டு வாங்கிவிட்டார்கள். ஒருத்தி கேட்டதை மற்ற நாற்பத்தொருவரும் பார்த்து எழுதினார்கள். தாங்கள் நோட்டுகளை ஒவ்வொன்றாய்ப் புரட்டி, கண்ணாடியைக் கழற்றி வைத்து, மெல்லக் கேட்டீர்கள்: "அம்மாடிகளா, நாப்பத்திரண்டு பேருக்கும் ஒரே பல்லு வலிக்குமா?" வகுப்பு வாய்பொத்திச் சிரித்தது. தாங்கள் சிரிக்கவில்லை.

அன்று தாங்கள் செயலிக்குத் தடை போடுவீர்கள் என்றே நாங்கள் எதிர்பார்த்தோம், எங்களுள் சிலர் அதற்கு ஆசைப்படவும் செய்தோம். மாறாக, கணினி ஆசிரியரை அழைத்து அருகில் அமர்த்தி, "உன் பொம்மைக்கு முனகக் கத்துக் கொடுப்போம், வா" என்றீர்கள். கேள்வியை முடிக்கவிடாமல் குறுக்கே பேசு, பாதி விடை சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போ, கோபப்படு என்று ஒவ்வொன்றாய் அதற்குக் கட்டளை எழுத வைத்தீர்கள். "மெஷின்கிட்ட பத்துத் தடவை பேசு. அது எங்க திருத்துச்சோ அதை எழுதிக்கிட்டு வந்து என்கிட்ட ஒரு தடவை பேசு. அப்புறம் வார்டுக்குப் போ" என்று புதுச் சட்டமும் போட்டீர்கள். தப்பு நோட்டுகள் மீண்டும் விதவிதமாய் நிரம்பின. கைப்பேசியில் பழகிய பிள்ளைகள் முன்னிலும் துணிந்து வாய் திறந்தார்கள் என்பதைத் தாங்களே எங்கள் கூட்டத்தில் எழுந்து சொன்னீர்கள். தங்களுக்கு ஓய்வு தருவதாய்ச் சொன்ன நாங்கள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டோம்.

மூன்றாம் பிழையை எழுதத்தான் எங்கள் பேனா தயங்குகிறது. அது தங்களுக்கு மட்டும் இழைத்த பிழையன்று, மணியக்காவுக்கும் இழைத்தது.

மணியக்கா எங்கள் அலுவலக உதவியாளர். பத்தொன்பது ஆண்டுகளாக இப்பள்ளியின் ஒவ்வொரு பாடவேளைக்கும் மணி அடித்தவர் அவர். பெயரே அதனால் வந்தது. அறிவிப்புப் பலகையில் தாள் குத்துவதும், நூலகத்தில் தூசு தட்டுவதும் அவர் வேலை. எந்த நூல் எந்த அடுக்கில் என்று அட்டையின் நிறத்தைக்கொண்டே சொல்லிவிடுவார். நூலக உதவியாளராகி அந்த மேசைக்குப் பின்னால் ஒரு நாளாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. எழுத்துத் தேர்வில் இருமுறை தேறினார். நேர்முகத் தேர்வு ஆங்கிலத்தில். முதல் முறை வாயே திறக்கவில்லை. இரண்டாம் முறை தம் பெயரை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். வயது வரம்பின்படி இந்த ஆண்டுதான் கடைசி வாய்ப்பு. இதை அவர் எங்களில் ஒருவரிடமும் சொல்லவில்லை. இனி வருவதை அவர் சொல்லக் கேட்டபடியே எழுதுகிறோம்.

மணியக்காவின் கைப்பேசியிலும் அந்தச் செயலி இருந்தது. மாணவி ஒருத்தியிடம் கேட்டு ஏற்றிக்கொண்டார். மதிய இடைவேளையில் எல்லோரும் சாப்பிடப் போனபின் துணி அறைக்குள் புகுந்து, தலையணை உறைக் குவியலின்மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, மெல்லிய குரலில் அதனோடு ஆங்கிலம் பேசுவார். முதலில் ஒற்றைச் சொல்லாய் வந்தது, பிறகு ஒரு வரியாய், பிறகு கோத்துக் கோத்து வந்தது. தம் வேலையைச் சொன்னார், நூல்களைச் சொன்னார், தம் மகளின் கல்யாணத்தைச் சொன்னார். தம் வாயிலிருந்து அவ்வளவும் வருவதை அவராலேயே நம்ப முடியவில்லை. அறைக் கதவு திறந்தால் மட்டும் எல்லாம் போய்விடும்.

ஒரு நாள் கதவு திறந்தது. கட்டிலுக்குச் சலவை விரிப்பு எடுக்கத் தாங்கள் வந்திருந்தீர்கள். தாங்கள் வெளியே நின்று கேட்டு எவ்வளவு நேரம் ஆயிற்றோ, மணியக்காவுக்குத் தெரியாது. கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டு, திருடி அகப்பட்டவர்போல் நின்றார்.

"மணி, இவ்வளவு நல்லாப் பேசறியே! பத்தொம்போது வருஷமா என் ரூமு வாசல்ல நிக்கறே, ஒரு வார்த்தை என்கிட்ட பேசலையே?"

"அது சிரிக்காது, டீச்சர்."

"நான் சிரிச்சிருவேன்னு நெனைச்சியா?"

"நீங்க சிரிக்க மாட்டீங்க. ஆனா உங்களைச் சுத்தி நாலு பேரு இருப்பாங்க."

அந்த நாலு பேர் நாங்கள்தாம். பதினோராண்டுக்கு முன் பள்ளியைப் பார்வையிட வந்த வெளிநாட்டு மருத்துவர் ஒருவர் முதல்வர் அறைக்கு வழி கேட்டார். மணியக்கா தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். வந்தவர் புரிந்துகொண்டு, நன்றி சொல்லி, நேராய்ச் சரியான அறைக்குப் போய்ச் சேர்ந்தார். ஆசிரியர் அறை வாசலில் நின்ற நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒருவர் அதே குரலில் நடித்துக் காட்டினார். ஓராண்டுக் காலம், யார் எதற்கு வழி கேட்டாலும் அந்த வரியையே சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பிறகு மறந்தும் போனோம். மணியக்கா மறக்கவில்லை. இரண்டு நேர்முகத் தேர்விலும் அவர் தொண்டையை அடைத்தது ஆங்கிலமல்ல, எங்கள் சிரிப்பு. இதை எழுதும்போது கை கூசுகிறது. எழுதாவிட்டால் இன்னும் கூசும்.

அதன்பின் இரண்டு மாதம் தாங்கள் மதிய வேளையில் ஆங்கில அறைக் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். செயலி வந்த வருத்தத்தில் தனித்திருக்கிறீர்கள் என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம், ஆறுதல் சொல்ல ஆள் அனுப்பலாமா என்றுகூட யோசித்தோம். உள்ளே நடந்ததோ வேறு. முதல் வாரம் கட்டிலில் பொம்மை, அதன் தலையணைமேல் கைப்பேசி, அருகே மணியக்கா. திரைக்கு அப்பால் தாங்கள் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தீர்கள். இரண்டாம் வாரம் திரைக்கு அப்பாலிருந்து ஓர் இருமல் வந்தது. மணியக்கா திடுக்கிட்டு நிறுத்தினார், பிறகு தொடர்ந்தார். மூன்றாம் வாரம் திரை விலகிற்று. நான்காம் வாரம் பொம்மை போய், கட்டிலில் தாங்கள் படுத்தீர்கள். தங்கள் முகத்தைப் பார்த்ததும் மணியக்காவுக்கு மறுபடியும் நாக்கு ஒட்டிக்கொண்டது. மூன்று நாள் ஒரு சொல் வரவில்லை. நான்காம் நாள் அவர், "விட்டுருங்க டீச்சர், எனக்கு மணிதான் எழுதியிருக்கு" என்று கதவைப் பார்க்க நடந்தார்.

அப்போது தாங்கள் செய்தது, வேறெந்த ஆசிரியரும் செய்யத் துணியாதது. கைப்பேசியை எடுத்து, "இப்ப நான் பேசறேன், நீ என்னைத் திருத்து" என்று அதற்குக் கட்டளையிட்டுவிட்டு, ஒரு கதையை ஆங்கிலத்தில் சொன்னீர்கள். மூன்றாம் வரியில் அது மரியாதையாய்க் குறுக்கிட்டு, தாங்கள் முப்பத்தோராண்டாய் அன்றாடம் சொல்லிவந்த ஒரு சொல்லின் உச்சரிப்பைத் திருத்திற்று. அது எந்தச் சொல் என்பதை இங்கே எழுத மாட்டோம். தங்களிடம் படித்த செவிலியர் அனைவரும் அதை அப்படியேதான் சொல்கிறார்கள், பாவம். தாங்கள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்க, மணியக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்க அடக்க வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, மன்னிச்சிருங்க டீச்சர்" என்றார்.

"எதுக்கு மன்னிப்பு? நல்லாச் சிரி. நீ சிரிச்சே, நான் செத்தா போயிட்டேன்? இதோ உக்காந்திருக்கேனே!" என்று சொல்லி, தங்களுக்கென்று ஒரு புது நோட்டு வாங்கி வரச் செய்து, முதற்பக்கத்தில் முதல் தப்பாய் அந்தச் சொல்லை எழுதினீர்கள். அவ்வளவுதான். மணியக்கா கட்டிலோரத்தில் உட்கார்ந்து, தங்களுக்கு எங்கே வலிக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். "பெருமையில வலிக்குது" என்று தாங்கள் ஆங்கிலத்தில் முனகினீர்கள்.

நேர்முகத் தேர்வுக்குப் புறப்பட்ட காலையில், "உள்ள போன உடனே ஒரு தப்பு பண்ணிரு. அப்புறம் பயம் விட்டுப்போயிரும்" என்று வழியனுப்பி வைத்தீர்கள். மாலையில் திரும்பி வந்தவரை வழிமறித்து என்ன ஆயிற்று என்று கேட்ட எங்களைத் தாண்டி, மணியக்கா நேரே தங்களிடம் போய்த் தம் தப்பு நோட்டை நீட்டினார். ஏழு தப்பு எழுதியிருந்தது.

"ஏழா! அடிப்பாவி, அவ்வளவு நேரமா பேசினே?" என்று தாங்கள் கேட்ட குரல் தாழ்வாரத்தின் மறுகோடிவரை கேட்டது.

தேர்வு முடிவு வந்த நாளில், பலகையில் தாள் குத்தும் வேலை வழக்கம்போல் மணியக்காவுக்கே வந்தது. நான்கு மூலையிலும் ஊசி குத்தினார். பிறகு படித்தார். பிறகு போய் மணியை அடிக்கத் தொடங்கினார். நான்காம் பாடவேளை முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. மணி நிற்கவே இல்லை. தீயோ என்று அஞ்சி எல்லா அறையும் வெளியே ஓடி வந்தது. கட்டிலில் நோயாளியாய்க் கிடந்த தாங்கள் விரிப்போடு எழுந்து ஓடி வந்தீர்கள். மணிக்கயிற்றைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தவரையும், அந்த விரிப்பாலேயே அவர் முகத்தைத் துடைத்துவிட்ட தங்களையும் நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றே அவரிடம் மன்னிப்பும் கேட்டோம்.

அருமை அம்மையீர்! எங்கள் மூன்று பிழையும் எழுதியாயிற்று. தாங்கள் போனபின் ஆங்கில அறையில் அந்தச் செயலி இருக்கும். இருக்கட்டும், பிள்ளைகளுக்கு அது நல்ல துணை. கட்டிலும் பச்சைத் திரையும் அங்கேயே இருக்கும். வாரம் ஒருமுறை எங்களில் ஒருவர் முறை வைத்துப் படுத்து முனகுவதென்று தீர்மானித்திருக்கிறோம். முதல் முறை கண்காணிப்பாளருடையது. தங்கள் கண் ஒளியோடும், கால் உரத்தோடும், நாக்கு இதே நையாண்டியோடும் நீடு வாழ்க! பொய்யாய்ப் பட்ட நோய்களே போதும், மெய்யான நோய் தங்களை அண்டாதிருக்க! இனிப் படுப்பதெல்லாம் உறங்குவதற்கு மட்டுமே ஆகுக!

இம்மடலை இதுவரை தமிழில் வாசித்தவர் மணியக்கா. நாளை முதல் நூலக உதவியாளர். தம்மைப் பற்றிய பகுதியைத் தாமே வாசிக்க மாட்டேனென்று மறுத்தவரை நாங்கள்தாம் வற்புறுத்தினோம். ஒரு நிபந்தனையின் பேரில் ஒப்புக்கொண்டார். இந்த இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டு, தங்களுக்கு நன்றியாய் நான்கு வரி, இந்த அவை முழுதும் கேட்க, அவர் ஆங்கிலத்தில் சொல்வார். அதை நாங்கள் எழுதித் தரவில்லை. செயலியும் திருத்தித் தரவில்லை. என்ன சொல்லப் போகிறார் என்று எங்களுக்கே தெரியாது. சட்டமிட்டுத் தங்கள் வீட்டுச் சுவரில் மாட்டும்போது, இதற்குக் கீழே நான்கு வரி அளவுக்கு வெற்றிடம் இருக்கும்.

........................................

........................................

........................................

........................................

அம்மையீர், தப்பை எண்ணிக்கொள்ளுங்கள். மூன்றுக்குக் குறைந்திருந்தால் மறுபடி சொல்லச் சொல்லுங்கள். நாங்கள் எத்தனை முறையானாலும் உட்கார்ந்து கேட்போம்.

என்றும் தங்கள் அன்புக்கும் சிவப்பு மைக்கும் உரிய,
செவிலியர் பயிற்சிப் பள்ளி ஆசிரியர்கள், அலுவலகத்தார், வாயிற்காவலர்